உழவியந்திர எண்ணெயைத் தூய்மையாக வைத்திருத்தல்

பெரும்போகத்து மழை பெய்து வயலிலே தண்ணீர் கட்டி நிற்கும் நாட்களில் உழவியந்திரமொன்று பழுதுற்று நின்றுவிடுமாயின், அதனால் விளையும் நட்டம் திருத்தக் கூலியோடு முடிவதில்லை. கட்டிய நீர் வற்றிவிடும், விதைப்புப் பிந்தும், பிந்திய பயிர் கதிர் முற்றுங் காலத்திற் குளத்து நீரை எதிர்பார்த்து நிற்க நேரும். இவ்வாறு நின்றுபோகும் இயந்திரங்கள் பலவற்றைக் கழற்றிப் பார்க்குமிடத்து உடைந்த பாகமெதுவும் காணப்படுவதில்லை. கலப்பையைத் தூக்கும் ஹைட்ரோலிக் பம்பி தேய்ந்திருக்கும். எண்ணெய் பால்போல வெளுத்திருக்கும், அன்றேல் பெட்டியின் அடியில் மெல்லிய சேறு படிந்திருக்கும். எண்ணெய் குறைந்ததனால் வந்த கேடன்று இது. எண்ணெயிற் பிற பொருள் கலந்தமையால் வந்தது.

அழுக்கு என்றதும் மணலும் வைக்கோற் துரும்புமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. கண்ணுக்குத் தெரியும் இவற்றை வடி தடுத்துவிடும். பெருந் தீங்கு செய்வன கண்ணுக்குப் புலப்படாதனவே. ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறிட்டால் ஒரு கூறு 1 மைக்கிரோன் ஆகும். மனிதரின் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்கிரோன் பருமனுடையது. சுமார் 40 மைக்கிரோனிலுஞ் சிறியதை வெறுங் கண்ணாற் காண்டல் அரிது. பம்பியிலும் வால்வுகளிலும் ஒன்றோடொன்று உரசியியங்கும் பாகங்களுக்கிடையேயுள்ள வெளியோ பல இடங்களிற் சில மைக்கிரோன் மாத்திரமே. அவ்வெளியிலும் பெரிய துணிக்கை உள்ளே புகாது. மிகச் சிறியது எண்ணெயோடு ஓடிவிடும். வெளிக்குச் சமமான பருமனுடையதே ஆப்புப்போல இறுகி உலோகத்தைக் கீறும். வயல் மண்ணிலுள்ள பளிங்குமணற் துகள் உருக்கினும் வன்மையானது. ஒவ்வொரு கீறலும் புதிய உலோகத் தூளை உண்டாக்க, அத்தூள் மேலும் கீறலை உண்டாக்கும்.

எண்ணெயின் தூய்மையை அளத்தற்கு 4406 என்னும் இலக்கமுடைய சர்வதேச நியமம் ஒன்று உண்டு. ஒரு மில்லிலீற்றர் எண்ணெயில் 4, 6, 14 மைக்கிரோனுக்கு மேற்பட்ட துணிக்கைகள் எத்தனை என்பதை மூன்று குறியெண்களால் அது காட்டும். குறியெண் ஒன்று கூடினால் துணிக்கைத் தொகை இருமடங்காகும். 21 என்னுங் குறி 10,000 இற்கு மேல் 20,000 வரையான துணிக்கைகளைக் குறிக்கும். அத்தகைய எண்ணெயும் கண்ணாடிப் போத்தலிற் தெளிந்தே தோன்றும். கமக்காரர் எவரும் துணிக்கைகளை எண்ணப்போவதில்லை. எனினும் தெளிவாயிருப்பதெல்லாந் தூய்மையானதன்று என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

இந்நாட்டு வயல்களில் நெடுங்காலம் பழகிய மசே பேர்குசன் 35, 135, 240 ஆகிய இயந்திரங்களிற் கியர்ப்பெட்டிக்கும் பின்னச்சுக்கும் ஹைட்ரோலிக் பம்பிக்கும் எண்ணெய் ஒன்றே. பம்பி அவ்வெண்ணெயில் அமிழ்ந்தே இருக்கின்றது. ஆகவே கியர்ப் பற்களிலிருந்து உதிரும் இரும்புத் தூளும், அச்சின் வழியே புகுஞ் சேற்றுநீரும் நேரே பம்பியைச் சென்றடையும். கியர்ப்பெட்டிக்கு எந்த எண்ணெயும் போதும் என்ற பழைய எண்ணம் இவ்வியந்திரங்களுக்குச் சிறிதும் பொருந்தாது.

சேற்றுழவின்போது பின்னச்சு வரை சேறு ஏறுகின்றது. அச்சின் சீல்கள் தேய்ந்திருப்பின் நாள்தோறுஞ் சிறிது நீர் உட்செல்லும். பகலெல்லாஞ் சூடேறிய பெட்டி தண்ணீரில் நின்று குளிரும்போது உள்ளிருக்குங் காற்றுச் சுருங்கி வெளியிலுள்ளதை உறிஞ்சுவதால், வேலை முடிந்தபின் இயந்திரத்தை வயற் சேற்றிலேயே விட்டு வருதல் மிகக் கேடானது. அதனை வரம்பிலேனும் ஏற்றி நிறுத்துதல் வேண்டும். நீர் கலந்த எண்ணெய் பெயாரிங்குகளைத் துருப்பிடிக்கச் செய்வதுடன் உராய்வு நீக்குந் திறனையும் இழக்கின்றது.

எண்ணெய்ப் பீப்பாவும் இவ்வாறே மூச்சு விடுகின்றது. வெளியில் நிமிர்த்தி வைத்த பீப்பாவின் மேல் விளிம்புக்குள் மழைநீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளிருக்குங் காற்று விரிந்து மூடியின் புரிவழியே வெளியேறும்; இரவுக் குளிரிற் சுருங்குங்கால் மேலே தேங்கிய நீரை அதே வழியால் உள்ளே இழுக்கும். மூடி இறுக்கமாயிருக்கின்றதே என்று நம்பியிருத்தல் தகாது. பீப்பாவைக் கூரையின் கீழ் மரக்கட்டைகளின்மேற் படுக்க வைத்து, இரு மூடிகளும் ஒரே மட்டத்தில் எண்ணெய்க்குக் கீழே அமையுமாறு திருப்பிவிடல் நன்று. வெளியில் நிமிர்த்தியே வைக்க நேருமாயின், ஒருபுறங் கட்டை வைத்துச் சாய்த்து, தேங்கும் நீர் மூடிகளை எட்டாதவாறு செய்க.

எண்ணெய் ஊற்றுபவரின் கையே அழுக்கு நுழையும் மற்றொரு வாயில். சுவரிற் தொங்கிய புனலையுந் திறந்து கிடந்த வாளியையும் கழுவாமல் எடுத்தூற்றினால், விலை கொடுத்து வாங்கிய புது எண்ணெய் பழைய எண்ணெயினுங் கேடாய்விடும். புனலை டீசலாற் கழுவி மூடி வைத்தல் வேண்டும். மூடியைத் திறக்குமுன் அதனைச் சுற்றியுள்ள சேற்றைத் துடைத்துவிட வேண்டும். பஞ்சுக் கழிவாலோ கிழிந்த சாரத்தாலோ உட்பாகங்களைத் துடைத்தால் நூலிழைகள் உள்ளே விழுந்து வடியை அடைக்கும். எஞ்சினின் எண்ணெய் வடி அடைபட்டால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடாது. மாற்றுவழி வால்வு திறந்து வடிக்கப்படாத எண்ணெயையே அனுப்பும். சாரதிக்கு வேறுபாடெதுவும் தெரிவதில்லை. வடியை மாற்றாது எண்ணெயை மட்டும் மாற்றுஞ் சிக்கனம் ஈற்றிற் பெருஞ் செலவாகும்.

சூடடிப்புக் காலத்தில் எழும் உமித்தூசும் எளிதானதன்று. உமியிற் சிலிக்கா மிகுதியாயுண்டு. காற்றுவடியின் எண்ணெய்க் கிண்ணத்தை அந்நாட்களில் நாள்தோறும் பார்த்துப் படிந்த மண்டியை அகற்றுக. காற்றுவடிக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள இறப்பர்க் குழாயிற் சிறு வெடிப்பிருந்தாலும் தூசு வடிபடாமலே உட்சென்று எஞ்சின் எண்ணெயை அடையும்.

எஞ்சின் எண்ணெய் கறுத்திருத்தல் குற்றமன்று. கரியைத் தன்னகத்தே தாங்கி நிற்பதே அதன் கடமை. அளவுக்கோலில் எண்ணெய் மட்டம் ஏறுவதே ஐயத்துக்குரியது. டீசல் மணந்தால் எரிபொருள் கலந்துள்ளது. வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. ஐயமாயின் சூடான தகட்டில் எண்ணெயை ஒரு துளி மட்டும் இட்டு, முகத்தை விலக்கி நின்று பார்க்க. நீருள்ள எண்ணெய் சடசடவென வெடிக்கும். நீரற்றது ஓசையின்றிப் பரவும்.

சேற்றுழவு நடக்கும் நாட்களிற் காலையில் இயந்திரத்தை இயக்குமுன் பின்பெட்டியின் அடிமூடியை மெல்லத் தளர்த்துக. இரவிலே கீழிறங்கிய நீர் முதலில் வடியும். எண்ணெய் தோன்றியதும் மூடியை இறுக்கி, மட்டத்தைப் பார்த்துக்கொள்க. எண்ணெய் முழுவதும் பால்போல வெளுத்திருப்பின் நீர் பிரிந்து இறங்காது. அவ்வேளையில் எண்ணெய் முழுவதையும் வடித்து மாற்றவே வேண்டும். அதற்கு முன்னரே பழுதான சீலை மாற்றுவித்தல் வேண்டும். இன்றேல் புது எண்ணெயும் அடுத்த உழவிலேயே வெளுத்துவிடும்.