ஒரு பள்ளிக்கு 15,000 டாலர்... போலீஸா, துப்பாக்கி வைத்திருக்கும் ஆசிரியரா? அமெரிக்காவைக் குழப்பும் கணக்கு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2023 செப்டம்பர் 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. வகுப்பு நடக்கும் நேரம் முழுக்க, ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஆயுதம் ஏந்திய பாதுகாப்பு அதிகாரி ஒருவராவது இருந்தே ஆக வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு மே 24 அன்று, யுவால்டி நகரத்தின் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கு மாநில அரசு கொடுத்த பதில்தான் இந்தச் சட்டம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கலே சட்டத்தோடு வந்த காசில்தான். பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 15,000 டாலர், கூடவே மாணவர் ஒருவருக்கு 10 டாலர். அவ்வளவுதான். 300 பிள்ளைகள் படிக்கும் ஒரு கிராமப் பள்ளிக்கு மொத்தமே 18,000 டாலர் வரும். இதை ரூபாயில் மாற்றிப் பார்த்தால் பெரிய தொகையாகத் தெரியலாம். ஆனால், டெக்சாஸில் ஒரு முழுநேரப் போலீஸ்காரரின் ஆண்டுச் சம்பளத்துக்கே இது போதாது. வண்டி, பயிற்சி, இன்சூரன்ஸ் எல்லாம் தனிக் கணக்கு.

சரி, காசு இல்லாத பள்ளி என்ன செய்யும்? அதற்கும் சட்டத்திலேயே வழி இருக்கிறது. நிதியோ ஆளோ கிடைக்கவில்லை என்றால், பள்ளி நிர்வாகம் அதைக் காரணமாகச் சொல்லி விலக்கு பெறலாம். பதிலாக ஒரு மாற்று ஏற்பாடு காட்ட வேண்டும். அந்த மாற்று ஏற்பாடுகளில் ஒன்று, ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் ஊழியர் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதிப்பது. ஆசிரியர் கைக்குத் துப்பாக்கி போவதைக் கொள்கைச் சண்டையாகத்தான் டிவி விவாதங்கள் காட்டுகின்றன. பல ஊர்களில் அது வெறும் பட்ஜெட் கணக்கு.

2025இல் டெக்சாஸ் அரசு இந்தத் தொகையைப் பள்ளிக்கு 33,540 டாலர், மாணவருக்கு 20 டாலர் என்று உயர்த்தியது. அதே 300 பிள்ளைகள் பள்ளிக்கு இப்போது 39,540 டாலர். முன்பைவிட இரண்டு மடங்குக்கு மேல்தான். ஆனாலும் ஓர் அதிகாரிக்கு ஆகும் முழுச் செலவை எட்டாது.

பணம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் பள்ளிச் செலவின் பெரும்பகுதியை மாநில அரசும் உள்ளூர் சொத்து வரியும் ஏற்கின்றன. மத்திய அரசின் பங்கு சிறியது. வீட்டு விலை அதிகமுள்ள ஊரில் பள்ளிக்கும் வசதி அதிகம். பாதுகாப்பிலும் அதே கதைதான்.

ஆனாலும் ஒவ்வொரு பெரிய துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் வாஷிங்டனிலிருந்து ஒரு புது நிதி கிளம்பும். 1999 ஏப்ரலில் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் கொலைகள் நடந்த பிறகு, பள்ளிகளுக்குப் போலீஸ்காரர்களை நியமிக்க மத்திய அரசு கோடிக்கணக்கில் செலவிட்டது. 2018 பிப்ரவரி 14 அன்று ஃப்ளோரிடாவின் பார்க்லேண்டில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே பள்ளி வன்முறைத் தடுப்புக்கென்று தனி மானியச் சட்டம் வந்தது. யுவால்டிக்குப் பிறகு, 2022 ஜூனில், இரு கட்சி ஆதரவோடு இன்னொரு சட்டம். அதில் பாதுகாப்பான பள்ளிச் சூழலுக்கு 100 கோடி டாலர், பள்ளி மனநலச் சேவைகளுக்கு இன்னொரு 100 கோடி டாலர்.

இந்தப் பணத்தில் துப்பாக்கி வாங்கலாமா? 2018இல் இந்தக் கேள்வி நிஜமாகவே எழுந்தது. மாணவர் நலனுக்கான மத்திய நிதியில் ஆயுதம் வாங்க முடியுமா என்று டெக்சாஸ் தரப்பு கேட்க, அன்றைய கல்வி அமைச்சர் பெட்ஸி டிவாஸ் “அனுமதிக்கவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன்” என்கிற தொனியில் ஒதுங்கிக்கொண்டார். 2022 சட்டம் அந்தக் கதவை மூடியது. கொஞ்சம் அதிகமாகவே மூடிவிட்டது. ஆயுதப் பயிற்சிக்கு நிதி கிடையாது என்ற வரியைக் கல்வித் துறை நேருக்கு நேராகப் படித்ததில், பள்ளிகளின் வில்வித்தை வகுப்புகளும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளும் சிக்கின. நாடாளுமன்றம் 2023 அக்டோபரில் இன்னொரு சட்டம் போட்டு வில்லையும் அம்பையும் மீட்க வேண்டியிருந்தது!

எத்தனை மணி நேரப் பயிற்சி போதும்?

இங்கேதான் மாநிலத்துக்கு மாநிலம் விதி தலைகீழாக மாறுகிறது. ஃப்ளோரிடாவில் பள்ளி ‘கார்டியன்’ ஆக 144 மணி நேரப் பயிற்சி. 2018இல் இந்தத் திட்டம் தொடங்கியபோது வகுப்பறையில் பாடம் மட்டும் எடுக்கும் ஆசிரியர்களுக்கு இதில் இடமில்லை. 2019இல் அவர்களும் சேர்க்கப்பட்டார்கள். டெக்சாஸின் ‘ஸ்கூல் மார்ஷல்’ திட்டத்தில் 80 மணி நேரம்.

ஒஹையோ கதை இன்னும் சுவாரசியம். ஆயுதம் ஏந்தும் பள்ளி ஊழியருக்குப் போலீஸ் அதிகாரிக்கு இணையான, 700 மணி நேரத்துக்கும் மேலான பயிற்சி வேண்டும் என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, 24 மணி நேரத்துக்கு மிகாத பயிற்சி போதும் என்று இறக்கிவிட்டார்கள். மூன்று வேலை நாள்!

டென்னசியில் வேறு பிரச்சினை. 2023 மார்ச்சில் நாஷ்வில் நகரின் தனியார் பள்ளியில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டுப் பெற்றோர் மாதக்கணக்கில் போராடினார்கள். 2024 ஏப்ரலில் கிடைத்ததோ, ஆசிரியர்கள் மறைத்துத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதிக்கும் சட்டம். எந்த ஆசிரியரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பது பெற்றோருக்குச் சொல்லப்படாது.

ஆதரிப்பவர்கள் சொல்வது என்ன?

அவர்கள் தரப்பை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. டெக்சாஸின் வட பகுதியில் ஹேரல்ட் என்ற சின்னஞ்சிறு ஊர். 2007இலேயே ஊழியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள அந்த ஊர்ப் பள்ளி நிர்வாகம் அனுமதி கொடுத்துவிட்டது. போலீஸ் வந்து சேர வெகுநேரம் ஆகும், அதுவரை பிள்ளைகளை யார் காப்பாற்றுவது என்பதுதான் அவர்கள் வாதம். அப்படியொரு ஊரில் பிள்ளையைப் படிக்க அனுப்பும் பெற்றோருக்கு இந்தக் கேள்வி கற்பனை இல்லை.

2024 செப்டம்பர் 4 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் அபலாச்சி உயர்நிலைப் பள்ளியில் நடந்ததையும் அவர்கள் காட்டலாம். நால்வர் உயிரிழந்தார்கள். ஆனால், பள்ளியிலேயே பணியிலிருந்த அதிகாரிகள் விரைந்து வந்து எதிர்கொண்டதும் சுட்ட மாணவன் சரணடைந்தான். ஆசிரியர்களின் அடையாள அட்டையில் இருந்த அவசர அலாரம் பட்டன், சில நாள்களுக்கு முன்புதான் கொடுக்கப்பட்டிருந்தது. அதுவும் கைகொடுத்தது.

ஆனால்... கொலம்பைனில் ஆயுதம் ஏந்திய போலீஸ்காரர் இருந்தார். சுடவும் செய்தார். 13 பேர் இறந்தார்கள். பார்க்லேண்டிலும் இருந்தார், கட்டிடத்துக்குள் போகாமல் வெளியிலேயே நின்றுவிட்டார். யுவால்டியில் வந்து குவிந்த காவலர்கள் 376 பேர். வகுப்பறைக் கதவைத் தாண்டி உள்ளே போய்க் கொலையாளியை வீழ்த்த அவர்களுக்கு 77 நிமிடம் ஆனது. முழுநேரப் போலீஸே உறைந்து நிற்கும் இடத்தில், 24 மணி நேரப் பயிற்சி பெற்ற கணக்கு வாத்தியாரிடம் என்ன எதிர்பார்க்க முடியும் என்பது எதிர்ப்பாளர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

1980 முதல் 2019 வரையிலான 133 சம்பவங்களை அலசிய ஓர் ஆய்வு 2021இல் ‘ஜாமா நெட்வொர்க் ஓப்பன்’ இதழில் வெளியானது. ஆயுதக் காவலர் இருந்த பள்ளிகளில் உயிரிழப்பு குறையவில்லை. மற்ற அம்சங்களைக் கணக்கில் எடுத்த பிறகும், இறப்பு விகிதம் 2.83 மடங்கு அதிகமாக இருந்தது. காவலர் இருந்ததால்தான் சாவு கூடியது என்று இதற்கு அர்த்தமில்லை. சாகத் துணிந்து வருபவனைக் காவலரின் துப்பாக்கி பயமுறுத்துவதில்லை என்கிற விளக்கம் மட்டும் பொருந்திப் போகிறது.

ஆசிரியர்களிடமே கேட்டால்? ராண்ட் நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் துப்பாக்கி வைத்திருந்தால் பள்ளியின் பாதுகாப்பு குறையும் என்றவர்கள் 54%. கூடும் என்றவர்கள் 20%. வாய்ப்பு கிடைத்தால் தானே வைத்துக்கொள்ளத் தயார் என்றவர்கள் 19%. ஐந்தில் ஒருவர், சின்ன எண்ணிக்கை இல்லை.

இன்சூரன்ஸ் நிறுவனங்கள் இன்னும் கறாரானவை. 2013இல் கான்சஸ் மாநிலம் ஆசிரியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள வழி திறந்தபோது, அங்கே பெரும்பாலான பள்ளிகளுக்குக் காப்பீடு கொடுத்துவந்த நிறுவனம், அப்படிப்பட்ட பள்ளிக்குக் காப்பீடு இல்லை என்று கைவிரித்தது. அந்த பயத்துக்குக் காரணம் உண்டு. 2018 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியரின் துப்பாக்கி கூரையை நோக்கி வெடித்தது. ஒரு மாணவருக்குக் காயம். அந்த ஆசிரியர், பகுதிநேரப் போலீஸ் அதிகாரியும்கூட.

துப்பாக்கி எங்கிருந்து வருகிறது?

பள்ளி வாசலில் யாரை நிறுத்துவது என்ற சண்டையில் இந்தக் கேள்வி அடிபட்டுப் போகிறது. 2008 முதல் 2017 வரை நடந்த 41 பள்ளித் தாக்குதல்களை அமெரிக்க ரகசியப் பாதுகாப்புப் படை ஆராய்ந்து 2019இல் அறிக்கை வெளியிட்டது. துப்பாக்கியால் தாக்கியவர்களில் 76% பேர் அதை எடுத்தது பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து. பீரோவுக்கு ஒரு நல்ல பூட்டு என்ன விலை இருக்கும்? பலரும் தங்கள் திட்டத்தை முன்கூட்டியே யாரிடமாவது கோடி காட்டியும் இருக்கிறார்கள்.

அந்த ‘யாரிடமாவது’ இடத்தில் இருக்க வேண்டியவர் பள்ளி ஆலோசகர். 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. நடைமுறையோ வேறு. போலீஸ்காரர் உண்டு, ஆனால் ஆலோசகர், நர்ஸ், உளவியலாளர், சமூகப் பணியாளர் என நால்வரில் ஒருவர்கூட இல்லை என்கிற பள்ளிகளில் 1.4 கோடி மாணவர்கள் படிப்பதாக, சிவில் உரிமை அமைப்பான ஏசிஎல்யு 2019இல் சொன்னது.

2022 சட்டத்தில் மனநலத்துக்கென்று 100 கோடி டாலர் ஒதுக்கியது இந்த ஓட்டையை அடைக்கத்தான். உளவியலாளர்களைப் படிக்கவைத்து, பள்ளிகளில் வேலைக்கு அமர்த்தும் ஐந்தாண்டுத் திட்டம் அது. பாதி வழியில், 2025 ஏப்ரலில், அந்த மானியங்களை நிறுத்துவதாக ட்ரம்ப் அரசு அறிவித்தது. அதை எதிர்த்து மாநிலங்கள் நீதிமன்றம் போயின.