பழைய சிசேரியன் தழும்புக்கு எந்த கோடு? மெடிக்கல் கோடர்கள் சறுக்கும் இடம்

உதாரணத்துக்கு, சென்னையில் இருக்கும் ஒரு கோடரின் திரையில் அமெரிக்க மருத்துவமனை சார்ட் ஒன்று திறக்கிறது. 39 வார கர்ப்பிணி. முதல் பிரசவம் சிசேரியன், இப்போதும் சிசேரியன். தாயும் சேயும் நலம். 'பிரச்சினையே இல்லையே, ஓ82 போட்டுடலாம்' என்று ஃப்ரெஷர் நினைப்பார். அங்கேதான் சறுக்கல்.

ஓ82 என்பது மருத்துவக் காரணம் இல்லாமல் செய்யும் சிசேரியனுக்கான கோடு. பழைய தழும்பு இருப்பதே ஒரு காரணம்தான். அதனால் ஓ34.21 வரிசைக்குத்தான் போக வேண்டும். (முதல் எழுத்து ஆங்கில 'ஓ', பூஜ்யம் இல்லை!) இசட்98.891 என்ற கோடும் கண்ணில் படும். அது கர்ப்பமாக இல்லாத பெண்ணின் பழைய தழும்பைக் குறிப்பது. கர்ப்பிணிக்குப் பொருந்தாது.

அடுத்த கேள்வி, என்ன தழும்பு? கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் ஓ34.211. நெடுக்காக வெட்டியிருந்தால் ஓ34.212. வேறு வகை என்றால் ஓ34.218. சார்ட்டில் வகையே எழுதவில்லை என்றால் ஓ34.219.

ஒரு இலக்கம்தானே என்று விட முடியாது. குறுக்குத் தழும்போடு சுகப்பிரசவத்துக்கு முயலும்போது கருப்பை கிழியும் ஆபத்து பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே. மேல்பகுதி வரை போகும் நெடுக்குத் தழும்பில் அது பல மடங்கு அதிகம். பிரசவ வலி வரும்வரைகூட டாக்டர்கள் காத்திருக்க மாட்டார்கள். இன்னொரு வேடிக்கை, வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. வெளியே குறுக்காக, உள்ளே நெடுக்காக இருக்கலாம். 'பெரும்பாலும் குறுக்குதானே' என்று கோடர் ஊகித்து 211 போடக் கூடாது. டாக்டர் எழுதியது மட்டுமே கணக்கு.

தழும்பு நிஜமாகவே சிக்கல் செய்தால் கோடுகள் மாறும். வலி தொடங்கும் முன்பே கருப்பை கிழிந்தால் ஓ71.0, பிரசவ வலியின்போது என்றால் ஓ71.1. நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தால் அக்ரீட்டா, ஓ43.21. தசைக்குள் புகுந்தால் இன்க்ரீட்டா, ஓ43.22. கருப்பைச் சுவரையே துளைத்து வெளியே வந்தால் பெர்க்ரீட்டா, ஓ43.23. இந்த மூன்றுக்கும் கடைசியில் எத்தனையாவது டிரைமெஸ்டர் என்ற இலக்கம் சேரணும். விட்டால் க்ளெய்ம் திரும்பி வந்துவிடும். சுகப்பிரசவத்துக்கு முயன்று முடியாமல் சிசேரியனுக்குப் போயிருந்தால் ஓ66.41.

இவை எல்லாம் தாயின் ரெக்கார்டில் மட்டும்தான். குழந்தையின் சார்ட்டில் 'ஓ' கோடு வரவே கூடாது.

முதலில் பார்த்த சார்ட்டில் தழும்பின் வகை இல்லை. ஆனால் பழைய ஆபரேஷன் நோட் இணைக்கப்பட்டிருந்து, அதில் நெடுக்கு வெட்டு என்று இருந்தால்? அப்போதும் கோடர் தானாக 212க்கு மாற்றக் கூடாது. டாக்டருக்கு க்வெரி அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை அந்தச் சார்ட் பென்டிங்.