குழந்தைகளில் இரத்த உறைவுக்குப் பிந்தைய நோய்த்தொகுதி

இரத்த உறைவுக்குப் பிந்தைய நோய்த்தொகுதி என்பது, கை அல்லது காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழிந்த பின் அதே உறுப்பில் நிலைத்துவிடும் பாதிப்புகளின் தொகுப்பாகும். வலி, வீக்கம், கனமாக உணர்தல், தோல் நிறமாற்றம், புடைத்த சிரைகள் ஆகியவை இதன் முதன்மையான அறிகுறிகள். உறைகட்டிக்குச் சிகிச்சை முடிந்த பிறகும் இது தோன்றக்கூடும். எனவே நலமாகத் தெரியும் குழந்தையையும் குறிப்பிட்ட இடைவெளிகளில், ஒரே முறையில் மதிப்பிட வேண்டியுள்ளது.

ஏற்படும் விதம்

கை, கால்களின் சிரைகளில் இரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டும் செல்லவிடும் ஒருவழி வால்வுகள் உள்ளன. உறைகட்டி தங்கிய இடத்தில் இந்த வால்வுகள் சிதையலாம். சிரையும் சுருங்கி அடைபடலாம். அப்போது இரத்தம் தேங்கிச் சிரையினுள் அழுத்தம் உயர்கிறது. நீர்மம் திசுக்களுக்குள் கசிவதால் வீக்கமும், சிவப்பணுக்கள் கசிந்து அவற்றின் இரும்பு படிவதால் தோலில் பழுப்பு நிறமும் உண்டாகின்றன. கடுமையான நிலையில் கணுக்காலருகே ஆறாத புண் வரலாம். அடைப்பைச் சுற்றிச் செல்ல மாற்றுச் சிரைகள் பெருத்து, தோள், மார்பு, வயிறு ஆகிய இடங்களில் தோலுக்கடியில் புடைத்துத் தெரிவதும் உண்டு.

பெரியவர்களில் கால் சிரைகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன. குழந்தைகளிலோ, மருந்து செலுத்துவதற்காகப் பெரிய சிரையில் பொருத்தப்படும் மையச் சிரைக் குழாயே உறைவுக்கான மிக முக்கியக் காரணம். குழாய் எங்கு பொருத்தப்பட்டதோ அதைப் பொறுத்துக் கையிலும் கழுத்திலும்கூட உறைவு ஏற்படும். பச்சிளம் பருவம், வளரிளம் பருவம் ஆகிய இரண்டிலும் உறைவு கூடுதலாகக் காணப்படுகிறது.

மதிப்பீட்டு அளவுகோல்கள்

பெரியவர்களுக்கு வில்லால்ட்டா அளவுகோல் பயன்படுகிறது. இது வலி, தசைப்பிடிப்பு, கனம், அரிப்பு, மதமதப்பு என நோயாளி கூறும் 5 அறிகுறிகளுக்கும், மருத்துவர் காணும் 6 அடையாளங்களுக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண் தருகிறது. மொத்தம் 5-ஐ எட்டினால் நோய் உள்ளதாகவும், 15-ஐ எட்டினாலோ புண் இருந்தாலோ கடுமையானதாகவும் கொள்ளப்படும்.

இந்த முறையைக் குழந்தைகளுக்கு அப்படியே பயன்படுத்த இயலாது. கைக்குழந்தையால் "கால் கனக்கிறது" என்று சொல்ல முடியாது. ஆகவே குழந்தைகளுக்கென மாற்றியமைக்கப்பட்ட வில்லால்ட்டா அளவுகோலும், மான்கோ-ஜான்சன் அளவுகோலும் உருவாக்கப்பட்டன. இரண்டாவதில், வலியின் அளவை அறியச் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரையிலான படங்கள் பயன்படுகின்றன. குழந்தை தன் வலிக்குப் பொருந்தும் முகத்தைத் தொட்டுக் காட்டினால் போதும்.

மதிப்பீட்டில் உள்ள சிக்கல்கள்

வீக்கத்தை அறிய இரு பக்க உறுப்புகளின் சுற்றளவும் ஒப்பிடப்படுகிறது. இதில் கவனிக்க வேண்டியவை:

• உறுப்பின் அளவு: 1 செ.மீ. வேறுபாடு என்பது 10 செ.மீ. சுற்றளவுள்ள குழந்தையின் கையில் 10 விழுக்காடு, 40 செ.மீ. சுற்றளவுள்ள வளரிளம் பருவத்தினரின் காலில் 2.5 விழுக்காடு மட்டுமே. எனவே சென்டிமீட்டர் கணக்கை மட்டும் நம்ப முடியாது.
• பழக்கமான கை: எழுதவும் விளையாடவும் பயன்படும் கை இயல்பாகவே சற்றுப் பருத்திருக்கலாம்.
• அளக்கும் இடம்: ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அளக்காவிட்டால் பொய்யான வேறுபாடு தோன்றும்.
• தோல் நிறம்: கருமையான தோலில் தொடக்கநிலை நிறமாற்றம் எளிதில் புலப்படாது, பாதிக்கப்படாத பக்கத்துடன் ஒப்பிட வேண்டும்.
• நடத்தை: ஓடுவதைத் தவிர்ப்பது, மாலையில் காலைத் தேய்ப்பது, ஒரு காலணி மட்டும் இறுக்கமாக இருப்பது போன்றவை சொற்களால் கூறப்படாத அறிகுறிகள். இவற்றைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்டே அறிய முடியும்.

உள்ளுறுப்புகளில் உறைவு

உறைவு உள்ளுறுப்பில் ஏற்பட்டிருந்தால் பின்விளைவும் அதற்கான பரிசோதனையும் வேறுபடும். பிறந்த குழந்தைக்குத் தொப்புள் சிரை வழியாகக் குழாய் செலுத்தும்போது கல்லீரலுக்குச் செல்லும் வாயிற்சிரை உறையலாம். பல ஆண்டுகள் கழித்து மண்ணீரல் வீங்கலாம். இரத்தத் தட்டணுக்கள் குறையலாம். உணவுக்குழாய்ச் சிரைகள் வெடித்து இரத்த வாந்தியும் வரலாம். சிறுநீரகச் சிரை உறைவுக்குப் பின் சிறுநீரகம் சுருங்கி உயர் இரத்த அழுத்தம் ஏற்படலாம். எனவே இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் தொடர்ந்து பார்க்கப்படுகின்றன. நுரையீரல் அடைப்புக்குப் பின் மூச்சிரைப்பு நீடித்தால் எக்கோ பரிசோதனை தேவை. மூளைச் சிரை உறைவுக்குப் பின் தலைவலி, பார்வை, கற்றல் திறன் ஆகியவை கவனிக்கப்படுகின்றன.

தொடர் கண்காணிப்பு

உறைவின்போது வரும் தொடக்க வீக்கம் வடியச் சில மாதங்கள் ஆகும். அதற்கு முன் செய்யப்படும் மதிப்பீடு தவறான முடிவைத் தரலாம். பின்னர் வளர்ச்சிக் காலம் முழுவதும் குறிப்பிட்ட இடைவெளிகளில் மதிப்பீடு தொடர்வது நல்லது. மீயொலிப் படத்தில் சிரை அடைபட்டுத் தெரிந்தாலும் அறிகுறியே இல்லாத குழந்தைகள் உண்டு. எனவே படத்தை மட்டும் கொண்டு இந்நோயை முடிவு செய்வதில்லை.

பாதிப்பு பலருக்கு மிதமாகவே உள்ளது. உடற்பயிற்சி, உறுப்பை உயர்த்தி வைத்தல், அளவெடுத்துத் தைத்த அழுத்தக் காலுறை ஆகியவை வீக்கத்தையும் வலியையும் குறைக்கப் பயன்படுகின்றன. குழந்தை வளர்வதால் காலுறையின் அளவை அவ்வப்போது மாற்ற வேண்டும். பச்சிளம் பருவத்தில் நடந்த உறைவு குழந்தையின் நினைவில் இருக்காது. ஆகையால் உறைவு ஏற்பட்ட இடம், குழாய் பொருத்திய பக்கம், ஒவ்வொரு ஆண்டின் சுற்றளவு ஆகியவற்றைக் கொண்ட பதிவு, வளர்ந்த பின் அவரைப் பார்க்கும் மருத்துவருக்கு இன்றியமையாதது.