தறிக்குழிக்குள் ஒரு புலன்

போளூர், ஆரணி வட்டாரத்துப் பட்டுத் தறிகளில் குழித்தறிகள் பல உண்டு. நெசவாளி தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டுக்கொள்கிறார். கண்கள் பாவின் மீது இருக்கின்றன. கை நாடாவை ஓட்டுகிறது. குழிக்குள்ளோ இருட்டு. ஆயினும் எந்த மிதியை எப்போது அழுத்த வேண்டும் என்பதில் பாதம் தவறுவதில்லை. பாதம் எங்கே இருக்கிறதென்று அவருக்கு எப்படித் தெரிகிறது?

ஐம்புலன்களைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள். அவற்றுள் எதுவும் இக்கேள்விக்கு முழு விடை தராது. இந்தத் தனிப் புலனுக்கு 1906-ல் 'புரோப்ரியோசெப்ஷன்' என்று பெயரிட்டவர் ஷெரிங்டன் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி. நாம் உடல்நிலை உணர்வு என்போம். தசைகளுக்குள் இருக்கும் நுண்ணிய உறுப்புகள், தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்ற செய்தியை நரம்பு வழியே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. நடுவில் பருத்து நுனிகளில் மெலிந்திருப்பதால் அவற்றுக்குத் தசைக்கதிர்கள் என்று பெயர். நூல் சுற்றும் கதிரைப் பார்த்தவர்களுக்கு இப்பெயரை விளக்க வேண்டியதில்லை! கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொட்டுப் பாருங்கள். விரலுக்கு வழிகாட்டுவது இந்தப் புலன்தான்.

இவ்வளவு நுட்பமான புலன் இருந்தும், முதுகு வளைந்திருப்பது மாலையில் வலி வந்த பிறகே நெசவாளிக்குத் தெரிகிறது. பரீட்சைக்குப் படிக்கும் உங்களுக்கும் அப்படியே. மாறாத செய்தியை மூளை பொருட்படுத்துவதில்லை என்பது ஒரு காரணம். உடலில் சட்டை படுவதை நாள் முழுதும் உணர்கிறோமா என்ன?

மற்றொன்றை ஜெர்மானிய விஞ்ஞானி வேபர் 19-ஆம் நூற்றாண்டில் கண்டார். வெறுங்கையில் ஓர் அஞ்சலட்டையை வைத்தால் தெரியும். கையில் தடித்த புத்தகம் இருக்கும்போது அதன்மேல் அதே அட்டையை வைத்தால் தெரியாது. சுமை கூடக்கூடச் சிறு மாற்றங்கள் மறைந்துவிடுகின்றன. ஆகவே வியர்க்க வியர்க்கச் செய்யும் பயிற்சியில் தெரியாத சங்கதிகள், மெதுவான சிறு அசைவில் தெரியவரும். பாரிஸில் ஜோலியோ-கியூரியின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஃபெல்டன்கிரைஸ் (1904-1984) இவ்விதியை அடிப்படையாகக் கொண்டே தம் மென்பயிற்சிகளை அமைத்தார். இயற்பியல் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒருவர் இங்கு வந்து சேர்ந்ததில் எனக்கு வியப்பில்லை.

நம் நாட்டில் மெதுவான அசைவை மூச்சோடு இணைத்துக் கற்பித்தவர்களில் முக்கியமானவர் டி. கிருஷ்ணமாச்சாரியார் (1888-1989). மைசூரில் பல ஆண்டுகள் கற்பித்துவிட்டு, 1950-களில் சென்னைக்கு வந்தார். மூச்சை இழுத்தபடி கைகளை உயர்த்துவது, விட்டபடி தாழ்த்துவது என்று, மூச்சின் நீளமே அசைவின் நீளமாக இருக்கும்.

மூச்சுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? ஒரு கணக்குப் போடுவோம். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 கன செ.மீ. காற்று, மூச்சுக்குழல் முதலிய வழிகளிலேயே தங்கிவிடுகிறது. அதனால் இரத்தத்துக்குப் பயனில்லை. நிமிடத்துக்கு 12 முறை, முறைக்கு 500 கன செ.மீ. இழுத்தால் மொத்தம் 6 லிட்டர். பயன்படுவது 12 × 350, அதாவது 4.2 லிட்டர். குனிந்து உட்கார்ந்தால் வயிறு அழுந்தி, உதரவிதானம் கீழிறங்க இடமின்றி மூச்சு சிறுத்துவிடும். 24 முறை, முறைக்கு 250 கன செ.மீ. என்று கொள்ளுங்கள். மொத்தம் அதே 6 லிட்டர்தான். பயன்படுவதோ 24 × 100, வெறும் 2.4 லிட்டர்! மூச்சுத் தசைகளுக்கு வேலை மிச்சமாகவில்லை; பலன் மட்டும் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

இனி, யோகிகள் இதயத்தையே நிறுத்துவார்கள் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1957-ல் அமெரிக்காவிலிருந்து பாக்சி, வெங்கர் என்ற இருவர் கருவிகளோடு இந்தியா வந்து அதைச் சோதித்தனர். டில்லியைச் சேர்ந்த பி. கே. ஆனந்தும் சேர்ந்து எழுதிய முடிவு 1961-ல் வெளியாயிற்று. சோதனைக்கு உட்பட்டவர்களில் கிருஷ்ணமாச்சாரியாரும் ஒருவர். மூச்சை அடக்கி மார்பு, வயிற்றுத் தசைகளை இறுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் கூடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. மணிக்கட்டில் நாடி மங்குகிறது, இதய ஒலியும் தேய்கிறது. ஆனால் மின்வரைபடத்தில் துடிப்புகள் தொடர்ந்து பதிவாயின. இதயம் நின்றிருக்கவில்லை. (இப்படி மூச்சை இறுக்கிப் பார்க்கும் வேலை உங்களுக்கு வேண்டாம்.)

ஆபத்தில்லாத சோதனை ஒன்று உண்டு. நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கட்டில் நாடியைப் பிடியுங்கள். மனத்துக்குள் ஐந்து எண்ணியபடி மூச்சை இழுங்கள். ஐந்து எண்ணியபடி விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரையும், விடும்போது நிதானிக்கும். உங்கள் வயதில் இவ்வேறுபாடு நன்றாகவே தெரியும். பிறகு தாத்தாவின் கையைப் பிடித்துப் பாருங்கள். அங்கே அது மிகக் குறைவாக இருக்கும்.