குழந்தையோடு வளரும் மூச்சுக் கவசம்

மூச்சை வெளியே விடும்போதெல்லாம் சில பச்சிளங்குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் சுருங்கி அடைத்துக்கொள்கிறது. குழாயை விறைப்பாகத் தாங்க வேண்டிய குருத்தெலும்பு வலுவிழந்திருப்பதால் வரும் தொல்லை இது. 'ட்ரக்கியோபிராங்கோமலேசியா' என்று பெயர். நோய் கடுமையானால் குழந்தை வென்டிலேட்டரிலேயே கிடக்கும். உயிரே போகவும் கூடும்.

இதே குறை பல குழந்தைகளுக்கு 2, 3 வயதுக்குள் தானாகச் சரியாகிவிடுகிறது. அதுவரைக்கும் ஒரு தாங்கல் கிடைத்தால் போதும். ஆனால் குழந்தை மளமளவென்று வளர்வதும் அந்த வயதில்தானே? விரிந்துகொடுக்காத வளையத்தைப் போட்டால், உயிரைக் காத்த அதே வளையம் பிறகு குழாயை நெரிக்கும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் க்ளென் கிரீனும், உயிர்மருத்துவப் பொறியாளர் ஸ்காட் ஹாலிஸ்டரும் இதற்கு 3டி பிரின்டரில் விடை தேடினார்கள்.

முதலில் சி.டி. ஸ்கேன் மூலம் குழந்தையின் மூச்சுக்குழாயை அளந்து, கணினியில் கவசத்தை வடிவமைக்கிறார்கள். பிறகு பாலிகேப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக்கின் தூளை லேசரால் அடுக்கடுக்காக இணைக்கிறார்கள். நீளவாக்கில் ஒரு பக்கம் திறந்திருக்கும், துளைகளிட்ட சின்னக் குழல் கிடைக்கிறது. அதை மூச்சுக்குழாயின் வெளிப்புறம் வைத்து, துளைகள் வழியே தையல் போட்டு, தொய்ந்த சுவரைக் கவசத்தோடு இழுத்துக் கட்டுகிறார்கள். குழாய் பருக்கப் பருக்க, கவசத்தின் திறந்த பக்கம் அகன்று வழிவிடுகிறது. சுமார் 3 ஆண்டுகளில் பிளாஸ்டிக் உடலுக்குள்ளேயே சிதைந்து மறைகிறது. அதை வெளியே எடுக்க இன்னொரு அறுவை சிகிச்சை தேவையில்லை.

2012-ல் முதல் குழந்தைக்கு இந்தக் கவசம் பொருத்தப்பட்டது. 3, 5, 16 மாத வயதில் கவசம் பெற்ற மூன்று குழந்தைகளின் முன்னேற்றம் 2015-ல் 'சயின்ஸ் டிரான்ஸ்லேஷனல் மெடிசின்' இதழில் வெளியானது. மூவருமே உயிருக்கு ஆபத்தான நிலையிலிருந்து விடுபட்டிருந்தார்கள்.

இப்படி அச்சிட்ட பிறகும் வடிவம் மாறும் பொருட்களைத் தயாரிக்கும் முறைக்கு '4டி பிரின்டிங்' என்ற பெயரை 2013-ல் பரவலாக்கியவர் எம்.ஐ.டி.யின் ஸ்கைலர் டிபிட்ஸ். 2016-ல் ஹார்வர்டின் ஜெனிஃபர் லூயிஸ் குழு, செல்லுலோஸ் இழை கலந்த ஜெல்லில் அச்சிட்ட பூவைத் தண்ணீரில் போட்டு, இதழ்களைத் தாமாகவே வளைய வைத்தது. அந்தப் பூவை வளைத்தது தண்ணீர். மிச்சிகன் கவசத்தை அகல வைப்பது குழந்தையின் வளர்ச்சி. நிமிடங்களில் முடியும் மாற்றத்தைவிட, ஆண்டுக்கணக்கில் நடக்கும் மாற்றத்தைத் திட்டமிடுவதுதான் கடினம். கவசத்தின் சுவர் தடித்தால் வளர்ச்சி தடைப்படும். மெலிந்தால் குழாய் மறுபடி அமுங்கும். ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தக் கணக்கைத் தனியாகத்தான் போட வேண்டியிருக்கிறது.