ஆஸ்கர் ராபர்ட்சனும் ஆட்டக்காரரின் விடுதலையும்

அமெரிக்காவில் ஜூலை மாதம் பிறந்துவிட்டால், ஆண்களின் தொழில்முறைக் கூடைப்பந்துப் பருவம் முடிந்துவிட்ட அந்த நாட்களிலும், பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்கள் அந்த ஆட்டத்தைப் பற்றிய செய்திகளாலேயே நிரம்பியிருக்கின்றன. ஒப்பந்தம் முடிந்த பெரிய ஆட்டக்காரர் எந்த நகரத்துக்குப் போகப் போகிறார், எத்தனை கோடி டாலருக்கு எந்த அணி அவரை அழைக்கிறது என்பவைதான் அச்செய்திகள். 2010-ல் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாண்டை விட்டு மயாமிக்குச் சென்றபோதும், 2016-ல் கெவின் டுராண்ட் ஓக்லஹோமா சிட்டியிலிருந்து கோல்டன் ஸ்டேட் அணிக்குப் பெயர்ந்தபோதும், பழைய ஊர்களின் அபிமானிகள் மனம் நொந்து அவர்களைத் தூற்றினார்கள். ஆனால் போகாதே என்று தடுக்கும் அதிகாரம் மட்டும் எந்த அணியின் உரிமையாளருக்கும் இருக்கவில்லை. உழைக்கிறவன் தன் உழைப்பை எங்கே விற்பது என்று தானே தீர்மானிப்பது இயற்கையான விஷயந்தானே என்று இன்றைய வாசகர் எண்ணலாம். ஆனால் அந்தத் தொழில்முறை ஆட்டத்தை நடத்தும் என்.பி.ஏ. என்னும் சங்கம் 1946-ல் தோன்றியதிலிருந்து சுமார் முப்பது ஆண்டுக் காலம், அந்த இயற்கையான விஷயம் அதன் ஆட்டக்காரர் எவருக்கும் வாய்க்கவில்லை. அதைப் பெற்றுத் தந்த வழக்கும், அதன் விளைவாக எழுந்த விதியும் ஓர் ஆட்டக்காரரின் பெயராலேயே வழங்குகின்றன. அவர் ஆஸ்கர் ராபர்ட்சன்.

1938 நவம்பர் 24-ஆம் தேதி டென்னஸி மாநிலத்தில் சார்லட் என்ற சிற்றூரில் பிறந்த ராபர்ட்சன், சிறு வயதிலேயே குடும்பத்தோடு வடக்கே இண்டியானாபோலிஸ் நகரத்துக்கு வந்து, கறுப்பு மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த லாக்ஃபீல்டு கார்டன்ஸ் குடியிருப்பில் வளர்ந்தார். பந்து வாங்க வசதியில்லாத வீடு. கந்தல் துணிகளை ரப்பர் வளையங்களால் இறுகக் கட்டி, பீச் பழக் கூடை ஒன்றில் எறிந்துதான் அவர் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். பிற்காலத்தில் நேர்த்தியான ஆட்டத்துக்கு இலக்கணம் என்று நிபுணர்கள் போற்றிய அந்தக் கை, உருண்டையாகவே இல்லாத ஒரு பந்தில் பயின்ற கை என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இண்டியானா மாநிலத்தாருக்குக் கூடைப்பந்து என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. உயர்நிலைப் பள்ளிகளின் மாநிலப் போட்டி அவர்களுக்கு ஆண்டின் பெருந்திருவிழா. அத்தகைய மாநிலத்தில், 1920-களில் வெள்ளையர் ஆதிக்கவாத இயக்கமான கூ கிளக்ஸ் கிளானின் செல்வாக்கு ஓங்கியிருந்த காலத்தில், கறுப்பு மாணவர்களைத் தனியே பிரித்து வைக்க 1927-ல் திறக்கப்பட்டது கிறிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளி. பார்வையாளர் அமர்ந்து காணத் தகுந்த பெரிய ஆடுகளம் அப்பள்ளிக்கு இல்லாமையால், அதன் அணி எப்போதும் பிறர் களங்களுக்கே சென்று ஆட வேண்டியிருந்தது. பயிற்சியாளர் ரே குரோ என்பவரின் கண்டிப்பான வழிகாட்டுதலில் ராபர்ட்சனும் அவருடைய தோழர்களும் 1955-ல் மாநில வெற்றிக் கோப்பையைக் கைப்பற்றினார்கள். எல்லாப் பள்ளிகளும் கலந்துகொள்ளும் மாநிலப் போட்டியில், கறுப்பு மாணவர்கள் மட்டுமே பயிலும் பள்ளி ஒன்று வாகை சூடியது அமெரிக்கா முழுவதிலும் அதுவே முதல் தடவை.

அன்றிரவு நடந்ததை ராபர்ட்சன் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. வெற்றி பெற்ற அணி நகரத்தின் மையத்திலுள்ள நினைவுத்தூண் வட்டத்தைச் சுற்றி ஊர்வலம் வந்து அங்கேயே கொண்டாடுவது வழக்கம். அட்டக்ஸ் பிள்ளைகளின் வாகனமோ அந்த வட்டத்தைச் சுற்றிவந்த மாத்திரத்தில், நகர அதிகாரிகளின் ஏற்பாட்டின்படி, கறுப்பர் வாழும் பகுதியிலிருந்த ஒரு பூங்காவுக்குத் திருப்பிவிடப்பட்டது. கறுப்பு மக்களின் கூட்டம் நகர மையத்தில் கூடினால் கலகம் நேருமோ என்ற அச்சமே அதற்குக் காரணமாயிற்று. நகரத்துக்கே முதல் மாநிலக் கோப்பையைக் கொண்டுவந்த பிள்ளைகளுக்கு அந்நகரம் செய்த மரியாதை இது. அடுத்த ஆண்டு ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல், 31 ஆட்டங்களையும் வென்று, அட்டக்ஸ் மீண்டும் மாநிலப் பட்டத்தைப் பெற்றது. இறுதி ஆட்டத்தில் ராபர்ட்சன் ஒருவரே 39 புள்ளிகள் எடுத்தார்.

பின்னர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பயின்ற மூன்று பருவங்களிலும் நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவரே. சராசரி ஆட்டத்துக்கு 33.8. ஆயினும் தென் மாநிலங்களுக்கு அணி சென்றபோது, தோழர்கள் தங்கிய ஹோட்டலில் இடம் மறுக்கப்பட்டு, கறுப்பு மாணவர்களின் கல்லூரி விடுதியில் தனியே படுத்துறங்கிய இரவும் அந்தக் கீர்த்தியோடு சேர்ந்தே வந்தது. 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் ஜெர்ரி வெஸ்ட்டுடன் இணைத்தலைவராக நின்று தங்கப் பதக்கம் வென்று திரும்பினார்.

இனித் தொழில்முறை ஆட்டம். இங்கேதான் அந்நாளைய ஏற்பாட்டின் இயல்பு முதன்முதலாக வெளிப்படுகிறது. ஓர் அணி தன் சுற்றுவட்டாரத்துக் கல்லூரியில் பயின்ற மாணவனை, மற்ற அணிகளுக்கு முந்தித் தனதாக்கிக்கொள்ள அனுமதிக்கும் வட்டார உரிமை என்ற விதி அப்போது இருந்தது. சின்சினாட்டி ராயல்ஸ் அணி அதைப் பயன்படுத்திக்கொண்டது. அந்த ஏற்பாட்டில் ராபர்ட்சனின் விருப்பத்துக்கு இடமே இருக்கவில்லை.

அந்த அணியில் அவர் செய்த சாதனையைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் கணக்கைச் சற்று அறிய வேண்டும். கூடையில் பந்தைப் போட்டு எடுப்பது புள்ளி. தவறித் திரும்பும் பந்தைத் தாவிப் பிடிப்பது ரீபவுண்ட். தோழன் கூடை போடும்படி பந்தை வழங்குவது அசிஸ்ட். முதலாவது குறி தவறாத கைக்கும், இரண்டாவது நெட்டையான உடம்புக்கும், மூன்றாவது களம் முழுவதையும் ஒரே நோக்கில் அளக்கும் கண்ணுக்கும் உரியவை. ஆகவே ஓர் ஆட்டத்தில் இம்மூன்றிலும் இரட்டை இலக்கத்தை எட்டுவது இன்றும் பெருமையாகக் கருதப்படுகிறது. 1961-62 பருவத்தில் ராபர்ட்சன் இதை ஓர் ஆட்டத்தின் கணக்காக அன்றி, பருவம் முழுவதன் சராசரியாகவே செய்து காட்டினார்: 30.8 புள்ளிகள், 12.5 ரீபவுண்டுகள், 11.4 அசிஸ்டுகள். அந்நாளில் எவரும் அதைத் தனியே எண்ணிப் பார்த்துக் கொண்டாடவில்லை. 2016-17-ல் ரசல் வெஸ்ட்புரூக் அதைச் செய்யும் வரையில், ஐம்பத்தைந்து ஆண்டுகள் வேறெவரும் அந்த இடத்தை எட்டவில்லை. ஆறடி ஐந்தங்குல உயரமுடைய ராபர்ட்சன், தம்மினும் குட்டையானவர் எதிர்நின்றால் முதுகுகாட்டி மெல்ல மெல்லப் பின்தள்ளிக் கூடைக்கருகே கொண்டுபோவார். உயரமானவர் வந்தால் வேகத்தால் விலகிச் செல்வார். அவசரமும் ஆடம்பரமும் அறியாத ஆட்டம் அது.

ஆயினும் அவருடைய வாழ்க்கையின் தலையாய காரியம் அந்த எண்களில் இல்லை என்பதே என் துணிபு. இத்தனை வல்லமை படைத்தவரும் ஒரு காகிதத்தில் கட்டுண்டிருந்தார். கல்லூரியை விட்டு வரும் இளைஞனின் உரிமை தெரிவு முறையில் ஒரே ஓர் அணிக்குக் கொடுக்கப்படும். அந்த அணியோடு பேரம் பேசலாம், அல்லது வேறு தொழில் பார்க்கலாம். கையொப்பமிட்ட பின்னரோ, ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்து அவனைப் பிடித்துக்கொள்ளும். புதிய ஒப்பந்தத்துக்கு ஆட்டக்காரன் இணங்காவிட்டால், பழையதையே மேலும் ஓராண்டு நீட்டிக்க அணிக்கு உரிமையுண்டு என்பது அதன் சாரம். நீட்டித்ததை மறுபடியும் நீட்டித்துக்கொண்டே போகலாம் என்றவாறே உரிமையாளர்கள் நடந்துகொண்டார்கள். 1966-67-ல் என்.பி.ஏ.யில் அதிகப் புள்ளி எடுத்த ரிக் பாரி, 1967-ல் தோன்றிய ஏ.பி.ஏ. என்னும் போட்டிச் சங்கத்துக்குப் போக முயன்றபோது, நீதிமன்றத் தடையினால் ஒரு பருவம் முழுவதும் ஆடாமல் வெளியே உட்கார்ந்திருந்தார்.

ஆட்டக்காரர்களுக்கு ஒரு தொழிற்சங்கம் இருந்தது; ஆனால் அதை நெடுநாள் எவரும் பொருட்படுத்தவில்லை. 1964 ஜனவரியில் பாஸ்டன் நகரில், தேர்ந்தெடுத்த ஆட்டக்காரர்கள் மோதும் நட்சத்திர ஆட்டத்துக்குச் சற்று முன்பாக, ஓய்வூதியத் திட்டத்துக்கு உறுதிமொழி கிடைக்கும் வரையில் களத்தில் இறங்குவதில்லை என்று அவர்கள் அறைக்குள்ளேயே அமர்ந்துவிட்டார்கள். தொலைக்காட்சி காத்திருந்தது, உரிமையாளர்கள் மிரட்டிப் பார்த்தார்கள், இறுதியில் என்.பி.ஏ. ஆணையர் வாக்குக் கொடுத்த பின்னரே ஆட்டம் தொடங்கியது. அன்றைய ஆட்டத்தின் மிகச் சிறந்தவராகத் தெரிவானவர் ராபர்ட்சன். மறு ஆண்டே தொழிற்சங்கத்தின் தலைமைப் பொறுப்பு அவரை வந்தடைந்தது. 1974 வரையில் அதை வகித்தார்.

இதனிடையே ஏ.பி.ஏ.யின் போட்டியால் ஆட்டக்காரர்களின் ஊதியம் வேகமாக உயர்ந்தது. அந்தச் செலவைத் தாங்க மனமில்லாத இரு சங்கத்து உரிமையாளர்களும் ஒன்றாக இணைந்துவிடத் தீர்மானித்தார்கள். இணைந்தால் ஆட்டக்காரன் போவதற்கு வேறிடமே இராது. ஆகவே 1970 ஏப்ரலில், வழக்கறிஞர் லாரி ஃப்ளைஷரின் ஆலோசனையோடு, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பிரதிநிதியாகப் பதினான்கு ஆட்டக்காரர்கள் நியூயார்க் கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். தலைவர் என்ற முறையில் முதல் வாதியாக நின்ற பெயர் ராபர்ட்சனுடையது. இணைப்பைத் தடுக்க வேண்டும், தெரிவு முறையும் நீட்டிப்பு ஷரத்தும் வாணிபப் போட்டியை நசுக்கும் கூட்டுச்சதி என்று அறிவிக்க வேண்டும் என்பன அவர்களுடைய கோரிக்கைகள். அதே ஆண்டில் கர்ட் ஃப்ளட் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரும் இதைப் போன்ற வழக்கொன்றைத் தொடுத்து, 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றுப்போனார். பேஸ்பாலுக்கு மட்டும் 1922 முதல் ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு இருந்ததே அதற்குக் காரணம். கூடைப்பந்துக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை.

வழக்குத் தொடுத்த அதே மாதத்தில் ராயல்ஸ் நிர்வாகம், பத்து ஆண்டுகள் தன் அணியைத் தாங்கிய ராபர்ட்சனை, இரண்டு ஆட்டக்காரர்களுக்கு ஈடாக மில்வாக்கி பக்ஸ் அணிக்கு மாற்றியது. முன்பொரு முறை பால்டிமோருக்கு அனுப்ப முயன்றபோது, தம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்த சம்மத உரிமையைக் காட்டி அவர் மறுத்திருந்தார், இம்முறை இசைந்தார். அங்கே, பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்ட இளைஞர் லூ அல்சிண்டர் காத்திருந்தார். இருவரும் சேர்ந்து ஆடிய முதல் பருவத்தில் அணி 82 ஆட்டங்களில் 66-ஐ வென்று, 1971 இறுதிப் போட்டியில் பால்டிமோரை நான்குக்குப் பூஜ்யம் என்று வீழ்த்தியது. ராபர்ட்சனின் ஒரே பட்டம் அது. 1974-ல், 26,710 புள்ளிகளோடும் 9,887 அசிஸ்டுகளோடும், ஆட்டத்திலிருந்து விலகினார்.

வழக்கு இன்னும் முடிந்திருக்கவில்லை. அதை விசாரித்த நீதிபதி ராபர்ட் கார்ட்டர், 1954-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதமென்று தீர்ப்புப் பெற்ற வழக்கில் கறுப்பு மக்கள் தரப்பில் வாதாடியவர்களுள் ஒருவர். வழக்கைத் தள்ளிவிட வேண்டும் என்ற உரிமையாளர்களின் கோரிக்கையை 1975-ல் அவர் நிராகரித்தார். அதன் பின் சமரசத்தைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லாமற்போயிற்று. 1976-ல் ஏற்பட்ட ராஜியின்படி நீட்டிப்பு ஷரத்து ஒழிந்தது. கல்லூரி மாணவன்மீது ஓர் அணிக்குக் கிடைக்கும் உரிமை ஓராண்டோடு முடிவதாயிற்று. ஒப்பந்தம் முடிந்தவர் பிற அணியை நாடலாம் என்ற வழி திறந்தது. அதன் பிறகே ஏ.பி.ஏ.யின் நான்கு அணிகள் என்.பி.ஏ.யில் சேர இடம் கிடைத்தது.

கதவு ஒரேயடியாகத் திறக்கவில்லை. ஆட்டக்காரனை அழைத்துக்கொள்ளும் அணி பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று சில ஆண்டுகளும், பிறர் தரும் தொகையைத் தானே தந்து பழைய அணி அவனை நிறுத்திக்கொள்ளலாம் என்று மேலும் சில ஆண்டுகளும் கழிந்தன. ஆட்டத்திலிருந்து விலகிய பின் ராபர்ட்சன் தொலைக்காட்சியில் ஒரு பருவம் மட்டும் வர்ணனை செய்தார். அந்த வேலை நீடிக்காமைக்கும், பயிற்சியாளர் பதவிகள் தம்மை நாடி வராமைக்கும் அவ்வழக்கே காரணம் என்று அவர் உறுதியாக நம்பினார். 1988-ல்தான், ஈடும் தடையும் இல்லாமல், டாம் சேம்பர்ஸ் என்பவர் முதன்முதலாக சியாட்டில் அணியை விட்டு பீனிக்ஸ் சன்ஸ் அணிக்குத் தம் விருப்பப்படி சென்றார். வழக்கின் தலைப்பில் பெயர் தாங்கியவர் ஆடுவதை நிறுத்தி அப்போது பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த உரிமையை அவர் ஒரு நாளும் பயன்படுத்தியதில்லை.