சிவனொளிபாத மலையும் தனிவழிப் பயணமும்

நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியாவுக்குச் செல்லும் பாதையில், முகில் விலகிய காலைகளில், தேயிலைச் சரிவுகளுக்கு அப்பால் கூம்புருவாய்த் தோன்றுவது சிவனொளிபாத மலை. 2,243 மீற்றர் உயரமுடைய இது இலங்கையின் மிக உயர்ந்த மலையன்று. ஆயினும் அதன் உச்சியிலுள்ள சுவட்டினைச் சைவர் சிவபெருமானின் பாதமென்றும், பௌத்தர் புத்தரின் பாதமென்றும், இஸ்லாமியர் ஆதி பிதாவாகிய ஆதத்தின் பாதமென்றும் போற்றுதலால், அதற்குள்ள பெருமை இந்நாட்டில் வேறெம்மலைக்கும் வாய்க்கவில்லை. டிசெம்பர்ப் பூரணை முதல் வெசாக் பூரணை வரையுள்ள காலத்தில், மக்கள் இரவிலே விளக்கொளியிற் கூட்டங் கூட்டமாக ஏறுவர். எஞ்சிய மாதங்களில் ஒருவர் தனித்துப் பகலில் ஏறுதல் தகுமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முன்னையோர் இதனை எளிதாகக் கருதவில்லை. 1344 ஆம் ஆண்டில் இம்மலைக்கு வந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இபன் பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு உதவி வேண்டினார். ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், வேறு துணைவர் 10 பேர், சுமை காவுவோர் 15 பேர் எனப் பெரியதொரு பரிவாரத்தையும் பல்லக்கையும் மன்னன் கொடுத்தனுப்பினான் என அவரது பயண நூல் கூறுகின்றது. பாறையிற் பற்றி ஏறுதற்கு இரும்புச் சங்கிலிகள் இருந்தமையையும் அவர் குறித்துள்ளார். பாதி உலகைச் சுற்றிய ஒருவருக்கே 32 பேர் துணை வேண்டியிருந்தது!

யாத்திரைக் காலத்தை வகுத்தது சமயம் மட்டுமன்று, காற்றுமாகும். மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து முதலில் மோதுவது மத்திய மலைநாட்டின் மேற்குச் சுவரிலேயாகும். மோதிய காற்று மேலெழும், எழுந்தது குளிரும், குளிர்ந்த ஈரம் மழையாகப் பொழியும். இச்சரிவுகளிற் சில இடங்கள் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேலான மழையைப் பெறுகின்றன. டிசெம்பருக்குப் பின் வீசும் வடகீழ்க் காற்றோ தன் மழையிற் பெரும்பகுதியைக் கிழக்குச் சரிவிலே சொரிந்துவிடுதலால், மேற்கே வானம் தெளிகின்றது. அத்தெளிவைத் தொடர்ந்தே விளக்கும் கடையும் கூட்டமும் வருகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், யூன் மாத விடுமுறை நாளொன்றில், இவையனைத்தையும் வகுப்பறையிற் கற்பிப்பவனாகிய நானே தனியே புறப்பட்டேன். நல்லதண்ணி என்னும் அழகிய தமிழ்ப் பெயர் பூண்ட அடிவாரச் சிற்றூரிற் கடைகள் மூடிக்கிடந்தன. விறகு சுமந்து வந்த தோட்டத்து முதியவர் ஒருவர், “மாஸ்டர், காத்து மாறிப்போச்சு. மேல ஒருத்தரும் இல்ல. திரும்பிருங்க” என்றார். நான் கேட்கவில்லை.

சீத கங்குலவைத் தாண்டியதும் மழை பிடித்தது. படிகள் ஓடையாயின, அட்டைகள் காலுறைக்குள்ளும் புகுந்தன. வழி தவறுவதற்கு அங்கே இடமில்லை; படிகளே வழி. ஆயின் ஒரு படியில் வழுக்கிக் கணுக்கால் பிசகியபோதுதான் தனிமையின் பொருள் விளங்கிற்று. யாத்திரைக் காலமாயின் யாரேனும் கைகொடுத்திருப்பர். பத்தடியிற் சூடான பிளேன்டீ கிடைத்திருக்கும். அன்றோ காட்டில் மழையொலியன்றி வேறொலியில்லை. அடிவாரத்திலிருந்து உச்சி ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரம். அவ்வளவு ஏறுவதற்குள் வெப்பநிலை சுமார் 6 பாகை செல்சியஸ் குறையும். அதனினும் கொடியது, நனைந்த உடையின்மீது வீசும் காற்று. அது உடலின் வெம்மையை உலர்ந்த உடையிலிருந்து பறிப்பதைப் பன்மடங்கு விரைவாகப் பறித்துவிடும். என் விரல்கள் சட்டைப் பொத்தானைப் பூட்ட மறுத்தன. உச்சி இன்னும் ஒரு மணி நேரத் தொலைவே என்று மனம் வாதிட்டது. ஆனால் உச்சியை அடைந்தவன் அதே காலோடு இறங்கவும் வேண்டுமன்றோ? திரும்பினேன். நண்பகலில் இறங்கத் தொடங்கியவன் அடிவாரஞ் சேர மாலை ஐந்தாயிற்று.

ஆகவே தனித்துச் செல்வதே தவறென்று நான் கூறேன். பெப்ருவரியில், வார நாளொன்றிற் பகலில் ஏறுவோன் வேண்டிய அளவு தனிமையைப் பெறலாம். அழைத்தால் ஏனென்று கேட்க ஆளுமுண்டு. மழைக்காலத்தில் போயே தீரவேண்டுமாயின், திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே குறித்து, அதனை வீட்டாரிடமும் சொல்லி, உலர்ந்த மேலாடையொன்றை நீர் புகாத உறையிலிட்டுக் கொண்டு செல்க.

உச்சியிலுள்ள மணியை, எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை அடித்தல் வழக்கம். அடுத்த மாசி மாதம் மாணவரோடு ஏறியபோது, நான் அந்த யூன் மாதப் பயணத்தைக் கணக்கிற் சேர்க்கவில்லை.